ஓய்வெடுக்க ஏழு இடங்கள்

பிப்ரவரி 11, ஞாயிறு. சியாங் மாய்

வந்து இறங்கி ஒரு நாள் முழுதாக ஆகிவிட்டது. வேலை எங்கே என்று கேட்டேன். "இதுதான் தம்பி வேலை. ஊரைச் சுத்திப் பாருங்க, ஓய்வெடுங்க" என்கிறார் பிரகாசம் அண்ணன். கம்பெனியின் தமிழ் ஒருங்கிணைப்பாளர் இவர்தான். புதுக்கோட்டைப் பக்கம். வயது நாற்பது என்கிறார், ஐம்பது மாதிரித் தெரிகிறார்.

ஆபீஸ் வடக்கே எல்லையோரத்தில் ஒரு புது வளாகத்தில் இருக்கிறதாம். ஒர்க் பர்மிட் வர மூன்று வாரம். அதுவரை 'அறிமுகப் பயிற்சி'. ஒவ்வொரு இடமாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். பார்த்துவிட்டு வந்து, 'வடக்குத் தாய்லாந்தில் ஓய்வெடுக்க ஏற்ற இடங்கள்' என்று என் சொந்த நடையில் பத்து வரி எழுதி, போட்டோவோடும் கம்பெனி பெயரோடும் என் கல்லூரி நண்பர்கள் குழுவில் போட வேண்டும். எதற்கு என்றால், கம்பெனிக்கு டிராவல் பிரிவு இருக்கிறது, உங்கள் எழுத்து எப்படி எடுபடுகிறது என்று பார்க்கிறார்கள் என்றார். நான் படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன். பிரஷர் கேஜுக்கும் பத்து வரிக்கும் என்ன சம்பந்தம்?

பர்மிட் வேலைக்கு என்று பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். ரசீது கேட்டேன். நாளைக்கு என்றார்.

அறையில் கூட இருப்பவன் மாதப்பன். பாலக்கோட்டுக்காரன், சிவில் டிப்ளமோ. மூன்று பாட்டில் ஊறுகாய் கொண்டுவந்திருக்கிறான். மூன்று வாரத்துக்கா என்று கேட்டேன். "ரெண்டு வருசத்துக்குங்க" என்றான்.

பிப்ரவரி 13, செவ்வாய்

சான் கம்ஃபேங் என்ற இடம். நகரத்திலிருந்து 36 கிலோமீட்டர். பூமியிலிருந்து வெந்நீர் பீய்ச்சி அடிக்கிறது. மூங்கில் கூடையில் முட்டை விற்கிறார்கள். நாமே தொட்டியில் தொங்கவிட்டு அவித்துத் தின்ன வேண்டும். அரைவேக்காட்டுக்கு எத்தனை நிமிடம், முழுவேக்காட்டுக்கு எத்தனை நிமிடம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். கடிகாரம் வைத்துச் சரிபார்த்தேன். பலகை சரி.

பக்கத்தில் குளிக்கத் தனித் தொட்டிகள். மாதப்பன் கழுத்து வரை இறங்கி உட்கார்ந்துகொண்டு, "இன்ஜினியரே, எங்கூர்ல இந்தத் தண்ணி வந்திருந்தா இந்நேரம் கோயிலு கட்டிருப்பாங்க" என்றான்.

"முதல்ல உண்டியல் வச்சிருப்பாங்க" என்றேன்.

பிரகாசம் அண்ணன் சத்தமாகச் சிரித்தார். அவர் முழுக்கைச் சட்டையோடு தண்ணீருக்குள் இருந்தார். மணிக்கட்டுப் பித்தானைக்கூடக் கழற்றவில்லை.

"சட்டையக் கழட்டுங்கண்ணா, இங்க யாரு பாக்கப் போறா" என்றான் மாதப்பன்.

"குளுருது தம்பி."

தண்ணீர் நாற்பது டிகிரிக்கு மேல் இருக்கும்.

நான் போட்ட பதிவு: "அழுகின முட்டை நாற்றம். கந்தகம். மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் இடுப்புவலி போகிறது. வரலாம்." ஒரு மணி நேரத்தில் நாற்பத்தாறு பதில். மாசானம் குரல் செய்தி அனுப்பியிருந்தான்: "ஏல உலகு, நீயே 'வரலாம்'னு எழுதிட்டேன்னா அது கைலாசம்தாம்ல!"

மாசானமுத்து நான்கு வருடமும் என் பக்கத்து இருக்கை. இப்போது அம்பாசமுத்திரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் லேப் உதவியாளர். பெண்டாட்டி செல்வமணிக்கு இது ஆறாம் மாதம்.

பிப்ரவரி 14, புதன்

ரசீது கேட்டேன். நாளைக்கு.

பிப்ரவரி 16, வெள்ளி

பாய் என்ற மலையூர். வழியில் 762 வளைவு என்று சட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். எண்ணிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். 214-இல் மாதப்பன் வாந்தி எடுத்தான். கணக்கு விட்டுப்போயிற்று. ஊர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆற்றோரம் மூங்கில் குடிசை, கயிற்றுத் தொட்டில், சும்மா படுத்துக் கிடக்கிற வெள்ளைக்காரர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் என்னால் படுக்க முடியவில்லை.

சாப்பாடு காவ் சோய். தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ். நம் சொதியில் யாரோ நூடுல்ஸைத் தவறிப் போட்டுவிட்ட மாதிரி. இதையும் அப்படியே எழுதிப் போட்டேன். எழுபது பதில்.

"கொஞ்சம் நல்லதா எழுதவாண்ணே?" என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி. நீங்க எப்பவும் போலத் திட்டியே எழுதுங்க. மேல உள்ளவங்களுக்கு அதுதான் புடிச்சிருக்கு." பிறகு, "அந்த மாசானம்னு ஒருத்தர் நல்லாப் பேசுறாரே, அவரு என்ன படிச்சிருக்காரு?" என்றார்.

நான் படித்ததுதான், மூன்று அரியரோடு என்றேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

டாய் இந்தனான். இந்த நாட்டிலேயே உயரமான இடம், 2565 மீட்டர். காலையில் எட்டு டிகிரி. ராஜாவுக்கு ஒன்று, ராணிக்கு ஒன்று என்று இரட்டைக் கோபுரம், சுற்றிப் பூந்தோட்டம். மேலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு தெரியும் என்றார்கள். தெரியவில்லை. மேகம் என்றார் அண்ணன். மேகம் இல்லை, புகை. மலையில் சோளத்தட்டையைக் கொளுத்துகிறார்கள். நான்கு வருடம் எமிஷன் பாடம் படித்தவனிடம் மேகம் என்கிறார்.

பிப்ரவரி 20, செவ்வாய். சியாங் ராய்

இடம் மாற்றிவிட்டார்கள். இன்னும் 180 கிலோமீட்டர் வடக்கே.  ஆபீஸ் அந்தப் பக்கம் என்பதால் சரிதான்.

வழியில் வெள்ளைக் கோயில். மொத்தமும் வெள்ளை, கண்ணாடிச் சில்லு பதித்தது. வெயிலில் கண் கூசுகிறது. உள்ளே போக ஒரு சின்னப் பாலம். பாலத்துக்கு அடியில் பள்ளம் முழுக்கச் சிமென்டுக் கைகள். நூற்றுக்கணக்கில் மேலே நீட்டிக்கொண்டு, சில கைகளில் மண்டையோடு, ஒரு விரல் நகத்துக்கு மட்டும் சிவப்புச் சாயம். ஆசையில் மாட்டிக்கொண்டவர்கள் என்று அர்த்தமாம். மாதப்பன் போட்டோ எடுக்கப் பாலத்தில் பின்னால் நாலடி வந்தான். காவலாள் ஒலிபெருக்கியில் கத்தினார். அந்தப் பாலத்தில் ஏறினால் முன்னால்தான் போக வேண்டும், திரும்பி வரக் கூடாது.

"நல்ல டிராபிக் ரூல்" என்று எழுதினேன். நூற்றுப் பத்துப் பதில்.

பிப்ரவரி 22, வியாழன்

மாதப்பனுக்குப் பர்மிட் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. டிப்ளமோக்காரனுக்கு முதலில் வருகிறது என்றால் இது என்ன கம்பெனி? நேராகவே கேட்டேன். "உங்களுக்கு எழுத்து வேலை ஓடிக்கிட்டு இருக்குல்ல தம்பி" என்றார் அண்ணன். முகத்தைப் பார்க்கவில்லை.

காலை பத்து மணிக்கு வண்டி வந்தது. கண்ணாடியெல்லாம் கறுப்பு. மாதப்பன் ஒரு ஊறுகாய் பாட்டிலை எனக்கு வைத்துவிட்டுப் போனான். "அங்க வந்தா குடுங்க இன்ஜினியரே, பாதியாச்சும் மிச்சம் வைங்க." அவனுக்கு நீச்சல் தெரியாது. ஆறு ஒன்றைப் படகில் கடக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னதிலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தான். ஆறு ஆழமா, லைஃப் ஜாக்கெட் தருவார்களா என்று.

ஆபீஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். ஆறு எல்லை என்று வரைபடத்தில் இருக்கிறது. வேறு நாட்டுக்கு இந்த நாட்டுப் பர்மிட் எதற்கு?

பிப்ரவரி 25, ஞாயிறு

மாதப்பன் வீடியோவில் வந்தான். பின்னால் வெறும் சுவர். "நான் நல்லா இருக்கேன். சாப்பாடு நல்லா இருக்குது. நீங்களும் சீக்கிரமா வாங்க" என்றான். படகுப் பயணம் எப்படி என்று கேட்டேன். "நான் நல்லா இருக்கேன். சாப்பாடு நல்லா இருக்குது" என்றான். நெட்வொர்க் கோளாறு. நாற்பது நொடியில் துண்டித்துவிட்டது.

பிப்ரவரி 27, செவ்வாய்

மாசானம் கம்பெனிக்கு விண்ணப்பித்திருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்டர்வியூ பத்தே நிமிடமாம், எடுத்துவிட்டார்களாம். மார்ச் 9-ஆம் தேதி சியாங் ராய் விமானம்.

"மூணு அரியர் வச்சவன எப்படிலே எடுத்தாவ?" என்று கேட்டேன்.

"ஒன் பேரத்தாம்ல சொன்னேன். உலகநாதன் ஃபிரண்டுன்னதும் இன்டர்வியூ எடுத்த பொம்பள ஒண்ணுமே கேக்கல. பிள்ளை பொறக்கயில பக்கத்துல இருக்க முடியாதேன்னு செல்வமணிதான் அழுதுக்கிட்டு கெடக்கா. ஒன் போட்டோவ எல்லாம் காட்டினேன், கொஞ்சம் அடங்கியிருக்கா."

பிப்ரவரி 29, வியாழன்

மே சலோங். தேயிலை மலை. தேநீர் சூடாக இருந்தது. வேறொன்றும் இல்லை. புகை கூடிக்கொண்டே போகிறது. மதியம் இரண்டு மணிக்குச் சூரியனை வெறுங்கண்ணால் பார்க்க முடிகிறது, செங்கல் நிறத்தில்.

மார்ச் 1, வெள்ளி

தங்க முக்கோணம். இரண்டு ஆறு கூடும் இடம், மூன்று நாடு சந்திக்கிற முனை. கரையில் கப்பல் மாதிரி மேடை கட்டி, மேலே பெரிய தங்கப் புத்தர். படிக்கட்டில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தால் நேரம் போவது தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

மேட்டில் காசு போட்டால் திறக்கும் தொலைநோக்கி ஒன்று இருந்தது. எதிர்க்கரையில் புதுக் கட்டடங்கள் வரிசையாக. ஜெனரேட்டர் புகைபோக்கி மட்டும் ஏழு எண்ணினேன். எல்லா மாடியிலும் பால்கனி, எல்லா பால்கனிக்கும் தரையிலிருந்து கூரை வரை கம்பி. சுற்றிச் சுவர். சுவர் மேல் முள்கம்பி.

கம்பியைத் தாங்கும் ஆங்கிள் இரும்பைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த ஆலையில் அது வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். வெளியிலிருந்து ஏறுகிறவனைத் தடுக்க. இங்கே உள்பக்கம் சாய்ந்திருக்கிறது. சுவர் நீளத்துக்கும் அப்படியே. எந்தக் கான்ட்ராக்டரோ வரைபடத்தைத் திருப்பிப் பிடித்திருக்கிறான். சொல்ல வேண்டும்.

மார்ச் 2, சனி

சொன்னேன்.

காரில் போய்க்கொண்டிருந்தோம். "அண்ணே, எதிர்க்கரைக் காம்பவுண்டுல ஆங்கிள் எல்லாம் உள்ள சாஞ்சு நிக்குது. ஆபீஸ் அதுதான்னா ஒரு மெயில் போட்டு விடுங்க. தப்பாப் போட்டிருக்கான்."

வண்டியை ஓரம் கட்டினார். இன்ஜினை அணைத்தார்.

"தப்பில்ல தம்பி" என்றார்.

பிறகு இடதுகைப் பித்தானைக் கழற்றி முழங்கைவரை சுருட்டினார். ஆலையில் மின்சாரம் சுட்ட தோலைப் பார்த்திருக்கிறேன். இது விபத்து இல்லை. வட்ட வட்டமாக, இரண்டு இரண்டாக, ஒவ்வொரு ஜோடிக்கும் நான்கு சென்டிமீட்டர் இடைவெளி. ஒரே கருவி.

"எட்டு மாசம் அந்தக் கரையில இருந்தேன். போன்ல பொம்பள பேருல கணக்கு ஆரம்பிச்சு, நம்மூரு ஆளுங்கள்ட்டப் பேசி ஏமாத்தணும். ஒரு நாளைக்கு இத்தனை பேருன்னு குறி. குறி தப்புனா இது. தப்பிச்சு ஓடுனவங்க கதையச் சொல்ல வேணாம்."

"மாதப்பன்?"

"நான் கூட்டியாந்த ஆளு. நம்ம பேச்சைக் கேட்டு ஒருத்தர் அந்தக் கரைக்கு வந்தா, நாம இந்தக் கரையில இருக்கலாம். அதுதான் இங்க சட்டம். உங்க விசா முத்திரை பத்தாந்தேதி முடியுது. மாசானம் ஒம்போதாம் தேதி வர்றாரு. வந்துட்டா நீங்க என்னை மாதிரி. வரலைன்னா நீங்க மாதப்பன் மாதிரி."

என்னை ஏன் பிடித்தார்கள் என்று கேட்டேன்.

"இன்டர்வியூல ஒரு கேள்வி கேட்டிருப்பாங்களே. உங்க வகுப்புல யாரு சொன்னா எல்லாரும் நம்புவாங்கன்னு."

கேட்டார்கள். நான்தான் என்று சொன்னேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பொய் ரீடிங்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஷிப்ட் இன்ஜினியரோடு சண்டை போட்டு வேலையை விட்ட கதையையும் சேர்த்துச் சொன்னேன். மறுநாளே ஆபர் லெட்டர் வந்தது.

"சொர்க்கம், சூப்பர்னு எழுதுறவனை யாரும் நம்புறதில்ல தம்பி. நாத்தம் அடிக்குதுன்னு எழுதுறவன் வரலாம்னு சொன்னாத்தான் கெளம்பி வர்றாங்க."

வண்டியை எடுத்தார். வழியில் இரண்டு பேருக்கும் இளநீர் வாங்கினார். குடித்தேன்.

இனி இந்த நோட்டை ஏசியின் ஃபில்டர் மூடிக்குப் பின்னால் வைக்க வேண்டும். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும்.

மார்ச் 3, ஞாயிறு

தங்க முக்கோணப் பதிவு நேற்றே போட்டிருக்க வேண்டியது. இன்று எழுதினேன். நன்றாக வந்தது. நூற்று நாற்பது பதில்.

மார்ச் 4, திங்கள்

அறையின் ஏசி ஃபில்டரைக் கழுவினேன். துணி மூன்று ஜோடி துவைக்கப் போட்டேன். காற்றுத் தர எண் 260.

மார்ச் 5, செவ்வாய்

இப்போது போன் அண்ணன் கையில். பேசும்போது மட்டும் தருவார், ஸ்பீக்கரில். மாசானம் கூப்பிட்டான். கம்பளிச் சட்டை வேண்டுமா என்று கேட்டான். வேண்டும் என்றேன். எந்த இடத்துக்கு முதலில் கூட்டிக்கொண்டு போவாய் என்று கேட்டான். வெந்நீர் ஊற்று என்றேன். "முட்ட அவிச்சுத் திம்போம்ல" என்றான். பத்து நிமிடம் பேசினோம்.

அண்ணன் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நல்லாப் பேசுனீங்க" என்றார்.

நல்லாத்தான் பேசினேன்.

மேலே எழுதியதை இப்போது படித்தேன். நான்கு நாள் ஆகியிருக்கிறது. நான்கு நாளில் நான் செய்தது ஒரு பதிவு, ஒரு ஃபில்டர், மூன்று ஜோடித் துணி.

மார்ச் 6, புதன்

விடுதிக்கு எதிரே துணி துவைக்கும் கடை. நடத்துகிறவள் பெயர் லம்டுவான். எனக்கு அவள் மொழி தெரியாது, அவளுக்கு என் மொழி தெரியாது. காதில் கை வைத்துப் போன் வேண்டும் என்று காட்டினேன். அவள் என்னைத் தாண்டி விடுதி வாசலைப் பார்த்தாள். முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

மார்ச் 7, வியாழன்

மறுபடி போனேன். அண்ணன் டீசல் போடப் போயிருந்தார், இருபது நிமிடம். லம்டுவான் மடித்த துணிகளை என் கையில் கொடுத்தாள். சட்டை அடுக்குக்கு நடுவில் அவள் போன் இருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் இரண்டு. ஒன்று அம்மாவுடையது. மற்றது மாசானத்துடையது.

"ஏல யாருல இது, என்ன நம்பரு?"

"நாந்தான் உலகு. பேசாமக் கேளு. வராத."

"என்ன?"

"வராதல. இங்க வேல கெடையாது. ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டு போயி அடைச்சு வச்சிருவானுவ. கரண்டு வச்சுச் சுடுதானுவ. டிக்கெட்டக் கிழிச்சுப் போடு."

 சிரித்தான்.

"ஞாயித்துக்கெழம ஆத்தங்கர போட்டோ போட்டிருக்க. உக்காந்தா நேரம் போறதே தெரியலன்னு எழுதியிருக்க. முந்தாநாளு வெந்நீர் ஊத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்ன. இன்னைக்கு அடைச்சு வப்பானுவன்னு சொல்லுத. எதுல பொய்?"

"பதிவு பொய் இல்லல. எடமெல்லாம் அப்படித்தான் இருக்கு."

"அப்பொறம் என்ன?"

 எழுதிய ஒவ்வொரு வரியும் அளந்து எழுதியது.

"ஒண்ணு சொல்லட்டாலே?" என்றான். குரல் மாறிவிட்டது. "மூணாவது வருசம் ப்ராஜெக்ட்ல என்னையச் சேக்க மாட்டேன்னு எச்ஓடி முன்னால வச்சுச் சொன்ன. இவனுக்கு மல்டிமீட்டரே புடிக்கத் தெரியாதுன்ன. அத்தன பேரும் சிரிச்சானுவ. உலகு உள்ளதத்தான் சொல்லுவான்னு நானும் விட்டுட்டேன். இப்ப ஒனக்குச் சமமா நானும் வந்து நின்னா ஒனக்குப் பொறுக்கல. அதானல?"

"ஏ மடையா, அதில்லல..."

"மடையன்னே வச்சுக்கோ. வேலைய விட்டாச்சு. செல்வமணிய அவ அம்ம வீட்டுல விட்டாச்சு. சனிக்கெழம வாரேன். வந்து ஒன் கண்ணு முன்னால மல்டிமீட்டர் புடிக்கேன் பாரு."

வைத்துவிட்டான். மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. லம்டுவான் கையை நீட்டினாள். கொடுத்துவிட்டேன்.

மார்ச் 9, சனி. காலை

விமானம் 11.40-க்கு.

ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லலாம். பாஸ்போர்ட் இல்லாத வெளிநாட்டுக்காரன், மொழி தெரியாது. யாரிடம் சொல்கிறேன், அவர் யாரிடம் சொல்வார் என்று எனக்குத் தெரியாது. பேச்சை நம்ப மாட்டார்கள். மாசானமே நம்பவில்லை.

நூறு பேர் பார்க்க, கேமரா இருக்கிற இடத்தில் ஏதாவது நடந்தால் எந்தப் போலீஸ்காரராக இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். பெயர், நாடு, பாஸ்போர்ட் எண். பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நோட்டை இடுப்பில் செருகிக்கொள்கிறேன். அண்ணன் கீழே ஹாரன் அடிக்கிறார்.

மார்ச் 12, செவ்வாய்

இமிக்ரேஷன் துறையின் காவல் அறை. பதினோரு பேர். மின்விசிறி ஒன்று.

சனிக்கிழமை விமான நிலையத்தில் மாசானம் கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்தான். புதுச் சட்டை, தோளில் கம்பளி. அண்ணன் அவன் பெயர் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். முகம் நிறையச் சிரிப்போடு, "ஏல உலகு!" என்று கையை விரித்துக்கொண்டு வந்தான். தொலைபேசியில் பேசியது எதையும் அவன் மனதில் வைத்திருக்கவில்லை.

மூக்கில் குத்தினேன். விழவில்லை. இரண்டாவது குத்தில் விழுந்தான். மேலே உட்கார்ந்து இன்னும் அடித்தேன். ஒரு பெண் அலறினாள். யாரோ பெட்டியால் என் முதுகில் அடித்தார்கள். போலீஸ் வர ஐம்பது நொடி ஆயிற்று. அவ்வளவு நேரமும் நிறுத்தாமல் அடித்தேன்.

என்னைத் தூக்கியபோது அண்ணன் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அட்டையை இறக்கி, நான்காக மடித்து, பையில் வைத்துக்கொண்டு, கூட்டத்தோடு வாசலைப் பார்த்து நடந்தார். வேகமாக நடக்கவில்லை.

ஸ்டேஷனில் மாசானம் பஞ்சு வைத்த மூக்கோடு, "இவனப் புடிச்சு உள்ள போடுங்க சார்" என்று தமிழிலேயே கத்திக்கொண்டிருந்தான். அதிகாரி போனில் மொழிபெயர்த்து எங்கள் இருவர் பாஸ்போர்ட்டையும் கேட்டார். அவன் எடுத்து நீட்டினான். என்னிடம் இல்லை. எங்கே என்றார். கம்பெனியில் என்றேன். கம்பெனி விலாசம் கேட்டார். மாசானம் ஆபர் லெட்டரை எடுத்துக் கொடுத்தான். அதிலிருந்த நம்பருக்கு அடித்தார். அப்படியொரு நம்பரே இல்லை. மாசானம் தன் போனில் அடித்துப் பார்த்தான். இன்டர்வியூ எடுத்த பெண்ணுக்கு அடித்தான். என் நம்பருக்கும் அடித்தான். அது மட்டும் மணி அடித்தது. யாரோ எடுத்து, பேசாமல், மூச்சு மட்டும் விட்டுவிட்டு வைத்தார்கள்.

அதற்குப் பிறகு அவன் கத்தவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.  "அதுக்கு இப்பிடியால அடிப்ப" என்றான்.

நேற்று அவனை விமானம் ஏற்றிவிட்டார்கள்.

மார்ச் 15, வெள்ளி

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு அழைப்பு. ஐந்து நிமிடம். அம்மாவுக்குப் பேசினேன். நன்றாக இருக்கிறேன், சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். தூதரகத்திலிருந்து பாஸ்போர்ட்டுக்குப் பதிலான பயணத்தாள் வர ஆறு வாரம் ஆகலாம் என்கிறார்கள்.

எதிர்க்கரைக் கட்டடம், சுவர்மேல் ஆங்கிள் சாய்ந்திருக்கும் பக்கம், புகைபோக்கி எல்லாம் படமாக வரைந்து அதிகாரியிடம் கொடுத்தேன். மாதப்பன் பெயரையும் ஊரையும் எழுதினேன். வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். ஆறுதான் எல்லை என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டினார்.

பிரகாசம் அண்ணனுக்கு ஆள் ஒன்று குறைந்தது என்னால். அவர் இப்போது எந்தக் கரையில் என்று நான் யோசிக்கவில்லை.

மார்ச் 22, வெள்ளி

இந்த வாரம் மாசானத்துக்குப் பேசினேன். மூக்கு இன்னும் கோணல் என்றான். செல்வமணி என்னைப் பார்த்தால் செருப்பால் அடிப்பாளாம், அப்புறம் சோறு போடுவாளாம்.

பிறகு, "ஏல, மத்த நாளும் உள்ள போனு குடுக்காங்களா?" என்றான்.

"இல்ல. ஏன்?"

"முந்தாநாளு குரூப்புல பதிவு வந்துச்சு. ஒன் நம்பர்லேருந்து. குகை போட்டோ."

படி என்றேன். படித்தான்:

"ஓய்வெடுக்க ஏழாவது இடம். சியாங் தாவ் குகை. வௌவால் நாற்றம். விளக்குப் பிடித்துக் கூட்டிப்போகிற அம்மாவுக்கு அவசரம். நம் வீட்டுக் கல்யாண வீடியோக்காரன் மாதிரி ஒரு இடத்தில் நிற்க விடமாட்டார். வெளியே நாற்பது டிகிரி, உள்ளே இருபத்திரண்டு. உட்கார இடம் இருக்கிறது. வரலாம்."

நான் அந்தக் குகைக்குப் போனதில்லை. போயிருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பேன். வெப்பநிலையையும் குறித்திருப்பேன்.

"எங்கூட சண்ட போட்டதுக்கு நீயே பதிவும் போட்டிருக்க. வேலை விசயத்துல மாசானம் பொறாமப்பட்டான், அதான் ரெண்டு போட்டேன்னு. இருவது பேரு சிரிச்சு வச்சிருக்கானுவ. நான் உள்ளதச் சொல்லி எழுதினேன். உலகு பொய் சொல்ல மாட்டான், நீ போயிப் படுல அப்படிங்கானுவ. அப்பொறம் குரூப்புலேருந்தே என்னத் தூக்கிட்டானுவ."

"யாரு தூக்குனா?"

"நீதாம்ல. நீதான அட்மினு."

யார் யார் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று கேட்டேன். தெரிந்து இரண்டு பேர் என்றான். தெரியாமல் எத்தனை பேரோ. பெயர் சொல்ல ஆரம்பித்தபோது ஐந்து நிமிடம் முடிந்து, காவலர் போனை வாங்கிக்கொண்டார்.

குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அடுத்த அழைப்பு வெள்ளிக்கிழமை.